புளியங்கொட்டையும் பால் பவுடரும்

1942 செப்டம்பர் முதல் தேதி இந்தியா முழுக்கக் கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார்கள். போர்க்காலச் சிக்கனத்துக்காக அரசு செய்த ஏற்பாடு அது. 1945 அக்டோபர் 15 வரை நீடித்தது. சென்னை மாதிரி நகரத்தில் ஆபீஸ் போகிறவர்கள் கடிகாரத்தின் முள்ளைத் திருப்பியதோடு விஷயம் முடிந்திருக்கும். தாம்பரம், சேலையூர், சிட்லபாக்கம் பக்கம் அப்படி இல்லை. ரயிலுக்குப் புது நேரம், பள்ளிக்கூடத்துக்குப் புது நேரம். பால் கறப்பவருக்கும் ஏற்றம் இறைப்பவருக்கும் பழைய நேரம்தான். மாடும் சூரியனும் சர்க்கார் உத்தரவைப் படிப்பதில்லையே. பத்து மணிக்குப் பள்ளிக்கூட மணி அடித்தால் வெயில் கணக்கில் அது ஒன்பது. உலை கொதிக்கும் முன்பே பிள்ளை கிளம்பியாக வேண்டும். பழைய சோறு இருந்த வீட்டுப் பிள்ளைக்குக் கவலை இல்லை.

அன்றைய தாம்பரம் செங்கல்பட்டு மாவட்டம், சைதாப்பேட்டை தாலுகாவைச் சேர்ந்தது. பெரிய ஏரி, சின்ன ஏரி, ஏரிக்குக் கீழே வயல், வயலுக்கு அப்பால் பனங்காடு. ஆனால் பட்டிக்காடு என்று தள்ளிவிடவும் முடியாது. 1928-ல் டாக்டர் சௌரி முத்து இங்கே காசநோய் சானடோரியத்தைத் தொடங்கினார். 1937-ல் அது அரசின் கைக்குப் போயிற்று. 1931 மே மாதத்திலிருந்து கடற்கரை ஸ்டேஷனுக்கும் தாம்பரத்துக்கும் நடுவே மின்சார ரயில் ஓடியது. 1937-ல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி பாரிமுனையை விட்டு சேலையூர்க் காட்டுக்குக் குடிபெயர்ந்தது. மறுவருடம் டிசம்பரில் அந்தக் கல்லூரி வளாகத்தில் ஓர் உலக மிஷனரி மாநாடு கூடியது. ஏறத்தாழ 470 பிரதிநிதிகள். சீனாவும் ஜப்பானும் அப்போது கடும் போரில் இருந்தன. அந்த இரண்டு நாட்டுக்காரர்களும் தாம்பரத்தில் ஒரே பந்தலில் உட்கார்ந்து பேசினார்கள். ஜப்பானிலிருந்து கிறிஸ்தவச் சமூகச் சீர்திருத்தவாதி ககாவா வந்திருந்தார். ஐரோப்பாவில் போர் மூள்வதற்கு இன்னும் ஒன்பது மாதம் இருந்தது.

கல்லூரிக்குத்தான் இத்தனை வசதி. ஆரம்பப் பள்ளிக்கூடம் என்றால் மாவட்ட போர்டு நடத்தியது, மிஷன் நடத்தியது, அரசு மானியம் வாங்கிக்கொண்டு தனியார் நடத்தியது என்று மூன்று வகை. பலவற்றில் கூரை கீற்றுதான். ஒரே வாத்தியார் ஐந்து வகுப்பையும் வைத்துக்கொண்டு, ஒன்றாம் வகுப்பை மணலில் எழுதவிட்டு மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும் பள்ளிக்கூடங்களும் உண்டு. இந்தப் பள்ளிக்கூடங்களின் வாசலுக்குப் போர் எப்படி வந்தது என்பதுதான் இங்கே பேச்சு.

குண்டாக வரவில்லை. வரும் என்ற பயமாகத்தான் முதலில் வந்தது.

1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தது. மார்ச்சில் ரங்கூன். ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. அடுத்தது மதராஸ்தான் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். அவசியமில்லாதவர்கள் நகரத்தை விட்டுப் போய்விடலாம் என்று அரசாங்கமே சொன்னது. அரசு அலுவலகங்கள் பலவும் உள்நாட்டு ஊர்களுக்கு மூட்டை கட்டின. எழும்பூரிலிருந்து தெற்கே போன ரயில்களில் கால் வைக்க இடமில்லை. ரயிலில் ஏற முடியாதவர்கள் மாட்டு வண்டியில் டிரங்க் ரோடு வழியாகப் பல்லாவரம், தாம்பரம், வண்டலூர் என்று போனார்கள். அந்தத் தலைமுறை இதைக் கடைசிவரை ‘எவாகுவேஷன்’ என்றே சொன்னது. ‘எவாகுவேஷன் வருஷம் நான் மூணாம் கிளாஸ்’ என்று வயதைக் கணக்குப் போடுவார்கள். அவர்களுடைய பாட்டிமார்களிடம் 1914 செப்டம்பரில் எம்டன் கப்பல் துறைமுக எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியபோது ஓடிய கதை ஏற்கெனவே கைவசம் இருந்தது. இரண்டாவது ஓட்டத்துக்கு ஒத்திகை பார்த்த குடும்பங்கள்!

நகரத்துப் பிள்ளைகள் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் வந்து உட்கார்ந்தது தமிழ்நாடு முழுக்க நடந்தது. மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் பெஞ்சில் உட்கார்ந்து படித்த பையன் திடீரென்று மண் தரையில், மாமன் ஊரில், தன்னைவிட உயரமான இரண்டாம் வகுப்பு மாணவன் பக்கத்தில். பர்மாவிலிருந்து வந்த பிள்ளைகள் இன்னொரு ரகம். சுமார் ஐந்து லட்சம் இந்தியர்கள் அப்போது பர்மாவை விட்டுக் கிளம்பினார்கள். கப்பல் கிடைத்தவர்கள் கப்பலில். கிடைக்காதவர்கள் அரக்கான், அஸ்ஸாம் மலைகளை நடந்தே கடந்தார்கள். வழியில் இறந்தவர்கள் பல்லாயிரம் பேர். தப்பி வந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பாதியில் வந்து சேர்ந்தபோது, எந்த வகுப்பில் போடுவது என்று வாத்தியார் தலையைச் சொறிய வேண்டியிருந்திருக்கும். கையில் சர்டிபிகேட்டா இருக்கும்?

அந்த ஏப்ரலில் சிறுவர்களை மிகவும் பாதித்த செய்தி சிங்கப்பூர் அல்ல, மிருகக்காட்சி சாலை என்று அடித்துச் சொல்லலாம். சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கம், மூர் மார்க்கெட்டை ஒட்டிய பீப்பிள்ஸ் பார்க்கில் அப்போது அது இருந்தது. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் சிங்கமும் புலியும் தெருவில் அலையுமே என்ற பயத்தில், மலபார் ஸ்பெஷல் போலீசைக் கொண்டு கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள். விழாத குண்டுக்கு நகரத்தில் முதல் பலி இவைதான். பிற்காலத்தில் மிருகக்காட்சி சாலை தாம்பரத்துக்குத் தெற்கே வண்டலூர்க் காட்டுக்கு வந்து, 1985-ல் திறக்கப்பட்டது. இன்று பேரனை அங்கே கூட்டிப்போகும் தாத்தாக்களில் இந்தக் கதை தெரிந்தவர் எத்தனை பேரோ.

பயந்த மாதிரி எதுவும் நடக்கவில்லை. 1943 அக்டோபரில் ஒரே ஒரு ஜப்பானிய விமானம் வந்து துறைமுகப் பக்கம் குண்டு போட்டுவிட்டுப் போனது. அதே மாதம் வந்த பெருவெள்ளம் மதராசுக்குச் செய்த சேதத்தின் முன் அது ஒன்றுமே இல்லை. அதற்குள் போனவர்களில் பலர் திரும்பி வந்துவிட்டார்கள். தெற்குப் புறநகரில் மட்டும் போர் ஒரு நிரந்தர அடையாளத்தை விட்டுப் போயிற்று: கிழக்குத் தாம்பரத்தின் விமானதளம். பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் பட்டாளம் பழைய கதை, கம்பெனி காலத்திலிருந்து இருப்பது. தலைக்கு மேலே விமானம் பறப்பது புதிது. வாய்ப்பாடு பாதியில் நிற்க, மொத்த வகுப்பும் வேலிப் பக்கம் ஓடும். வாத்தியாரும் பின்னாலேயே போய் அண்ணாந்து பார்ப்பார்.

இவையெல்லாம் வேடிக்கை. தினசரி வாழ்க்கையில் போர் நுழைந்த வழி வேறு. போருக்கு முன்பு பர்மாவிலிருந்து ஆண்டுக்குப் பத்து லட்சம் டன்னுக்கு மேல் அரிசி இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்தது. ரங்கூன் விழுந்ததும் அது நின்றது. மண்ணெண்ணெயும் பர்மா சரக்குதான். பின்வாங்கிய பிரிட்டிஷார் 1942 ஏப்ரலில் ஏனாங்யாங் எண்ணெய்க் கிணறுகளைத் தாங்களே அழித்துவிட்டுப் போனார்கள். அங்கே ஐராவதிக் கரையில் கிணறு எரிந்தால் இங்கே சேலையூரில் சிம்னி விளக்கு அணைந்தது. ராத்திரி படிப்பு என்பது பொழுது சாய்வதற்குள் படிப்பு என்றானது. 1943-ல் மதராசுக்கு அரிசி ரேஷன் வந்தது. ரேஷன் கடை வரிசையில் நிற்பது பல வீடுகளில் பிள்ளைகளின் பொறுப்பாயிற்று. அப்பாவுக்கு வேலை, அம்மாவுக்கு அடுப்பு. வேலையில்லாதவன் என்று வீட்டில் கருதப்பட்டவன் பள்ளிக்கூடம் போகிறவன் ஒருவனே. பையும் கார்டுமாக நிற்கிற அன்று ஆஜர் பட்டியலில் அவன் பெயருக்கு நேரே ஆப்சென்ட்.

காகிதம் இன்னொரு பஞ்சம். ஆலைகளின் உற்பத்தியில் பெரும்பகுதியை அரசு தன் தேவைக்கு எடுத்துக்கொண்டது. பத்திரிகைகள் இளைத்தன. பாடப் புத்தகம் அண்ணனிடமிருந்து தம்பிக்கு, தம்பியிடமிருந்து பாதி விலைக்குப் பக்கத்து வீட்டுக்கு என்று கை மாறி, முதல் பாடமும் கடைசிப் பாடமும் கிழிந்த நிலையில் வந்து சேரும். ஆனால் ஆரம்பப் பள்ளிக்குக் காகிதம் பெரிய இழப்பு இல்லை, ஏனென்றால் அது முன்பும் அங்கே அதிகம் இருந்ததில்லை. சிலேட்டும் பலப்பமும்தான் ஆயுதம். சிலேட்டு வழவழத்துப் போய் எழுத்து பதியாவிட்டால் கோவை இலையைக் கசக்கி, அடுப்புக் கரியைச் சேர்த்துத் தேய்த்துக் காயவைப்பார்கள். கரும்பலகைக்கும் அதே வைத்தியம், கொஞ்சம் பெரிய அளவில்: வெள்ளிக்கிழமை மத்தியானம் நாலு பையன்கள் வேலியிலிருந்து இலை பறித்து வருவார்கள், இரண்டு பேர் கரி இடிப்பார்கள், ஒருவன் துணியால் மேலிருந்து கீழே ஒரே சீராக இழுப்பான். குறுக்கே இழுத்தால் கோடு விழும் என்று வாத்தியார் அதட்டுவார். திங்கட்கிழமை அந்தப் பலகையில் சாக்கட்டி முதல் எழுத்தைப் போடும்போது பச்சிலை வாசம் அடிக்கும். உலகப் போர் தொட முடியாத பொருளாதாரம் இது. சீமையிலிருந்து எதுவும் வரவேண்டியதில்லை.

சில்லறைக்குத் தட்டுப்பாடு வந்ததும் சர்க்கார் 1943-ல் நடுவில் ஓட்டை போட்ட காலணாவை வெளியிட்டது. உலோகம் மிச்சம். பிள்ளைகளுக்கோ கொண்டாட்டம்: அரைஞாண் கயிற்றில் கோத்துக்கொள்ளலாம், தொலையாது.

போர்க்காலத்துத் தமிழ்ச் சிறுவன் ஒருவனின் சாட்சியம் உலகம் முழுக்க வாசிக்கப்பட்டிருக்கிறது. ராமேஸ்வரத்து ஆரம்பப் பள்ளி மாணவன், 1931-ல் பிறந்தவன், பெயர் அப்துல் கலாம். போர் மூண்டபோது வயது எட்டு. திடீரென்று புளியங்கொட்டைக்கு மவுசு வந்ததையும், ஒரு நாள் முழுக்கப் பொறுக்கிக் கடையில் போட்டால் ஓரணா கிடைத்ததையும், ஏன் அந்த மவுசு என்று தனக்குக் கடைசிவரை புரியவில்லை என்பதையும் ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் அவர் எழுதியிருக்கிறார். காரணம் பெரும்பாலும் இதுவாக இருக்கலாம்: நெசவு ஆலைகளில் நூலுக்குக் கஞ்சி போட ஸ்டார்ச் வேண்டும், உணவுத் தானியத்துக்கே இழுபறியான அந்த ஆண்டுகளில் புளியங்கொட்டை மாவு அதற்கு மாற்றாகத் தொழிலில் புகுந்தது. ராணுவச் சீருடைத் துணியின் விறைப்புக்கும் ராமேஸ்வரத்துச் சிறுவனின் ஓரணாவுக்கும் இப்படி ஒரு முடிச்சு இருந்திருக்கக்கூடும். போர்க்கால நெருக்கடியில் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்பதும் ரத்தானது. ஓடும் ரயிலிலிருந்து வீசப்படும் பத்திரிகைக் கட்டுகளைப் பிடித்துக் கொடுப்பதுதான் கலாமின் முதல் சம்பாத்தியம்.

இந்தப் பையன் நம் புறநகருக்கும் வந்து சேர்ந்தான். குரோம்பேட்டை தன் பெயரையே குரோம் லெதர் கம்பெனி என்ற தோல் தொழிற்சாலையிலிருந்து பெற்ற ஊர். அங்கே 1949-ல் தொழிலதிபர் சி.ராஜம் எம்.ஐ.டி. என்ற தொழில்நுட்பக் கல்லூரியைத் தொடங்கினார். விமானப் பொறியியல் அங்கே கற்றுத்தரப்பட்ட துறைகளில் ஒன்று. சேர்வதற்குப் பணமில்லாமல் கலாமின் அக்கா நகையை அடகு வைத்த கதை எல்லோருக்கும் தெரியும். வளாகத்தில் நிறுத்தியிருந்த, பணியிலிருந்து கழித்துவிட்ட இரண்டு பழைய விமானங்களின் அருகே போய் உட்கார்ந்துவிடுவதாக அவர் எழுதுகிறார். நாற்பதுகளில் மற்றவர் அண்ணாந்து பார்த்ததை ஐம்பதுகளில் ஒருவர் தொட்டுப் பார்த்தார்.

இனி போருக்குப் பிந்தைய கதை. சரித்திரப் புத்தகங்கள் 1945 ஆகஸ்டில் கோடு கிழித்துவிடும். ஆரம்பப் பள்ளியில் அந்தக் கோடு விழவில்லை. ரேஷன் தொடர்ந்தது, அரிசிக்குப் பதில் கோதுமை, அப்புறம் கப்பலில் வந்த மைலோ சோளம். மைலோக் கஞ்சி குடித்த தலைமுறையிடம் அந்தச் சொல்லைச் சொன்னால் இன்றும் முகம் சுளிக்கும். 1952-ல் ராஜாஜி முதல்வராகி உணவுக் கட்டுப்பாட்டை எடுத்த பிறகே ரேஷன் வரிசை ஓய்ந்தது. சுதந்திரம் வந்தும் 1950 வரை நாணயத்தில் ஆறாம் ஜார்ஜ் தலைதான். பிள்ளைகள் ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்குப் பன்னிரண்டு பை என்று மனப்பாடம் பண்ணிக்கொண்டே இருந்தார்கள். 1957 ஏப்ரலில் நயா பைசா வந்து அந்த வாய்ப்பாட்டை ஒரே நாளில் உதவாததாக்கியது.

அரிசிக் கட்டுப்பாட்டை நீக்கியதற்குக் கைத்தட்டல் வாங்கிய ராஜாஜி, மறுவருடம் பள்ளிக்கூடத்தில் கைவைத்து வாங்கிக் கட்டிக்கொண்டார். பணமும் ஆசிரியரும் போதவில்லை, படிக்கவேண்டிய பிள்ளைகளோ ஏராளம்; அதனால் கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் நாளைக்கு மூன்று மணி நேரம் மட்டும் பாடம், மிச்ச நேரம் வீட்டுத் தொழில். அப்பன் தொழிலைப் பிள்ளை தலையில் கட்டும் குலக்கல்வி என்று பெரியாரும் திராவிட இயக்கமும் எதிர்த்தார்கள், காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு. சென்னை நகரத்துக்கு இந்தத் திட்டம் கிடையாது. மின்சார ரயிலில் கொஞ்ச தூரம் வந்தால் ஏரிக் கரைக் கிராமத்துப் பிள்ளைக்கு அரைநாள் பள்ளி, அங்கே மாம்பலத்துப் பிள்ளைக்கு முழுநாள். இந்த ஓரவஞ்சனையை எந்தச் சிக்கனக் கணக்காலும் நியாயப்படுத்த முடியாது. 1954-ல் காமராஜ் வந்ததும் திட்டம் போயிற்று.

காமராஜ் காலத்து மதிய உணவு 1956-ல் எட்டயபுரத்தில் தொடங்கியது. நயா பைசா வந்த பிறகு ஒரு சாப்பாட்டுக்குப் பத்து நயா பைசா கணக்கு. ஆறு அரசு, நாலு ஊர்க்காரர்கள். 1958-ல் செங்கல்பட்டு மாவட்டக் கடம்பத்தூரில் முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு. கல்வி இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு இதே மாவட்டத்துக்காரர், நெய்யாடுபாக்கத்தில் பிறந்தவர். எந்தப் பள்ளியில் பெஞ்சு இல்லை, எதில் கூரை ஒழுகுகிறது என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. ஊர்க்காரர்களே பட்டியல் போட்டு, கடிகாரம், பெஞ்சு, கரும்பலகை, கட்டடம் என்று கொடுத்தார்கள். போர் தொடங்கி ஏறக்குறைய இருபது வருடம் கழித்து, பள்ளிக்கூடத்தில் பற்றாக்குறை கொஞ்சம் கொஞ்சமாக விலகிய நேரம் அதுதான்.

ஐரோப்பாவில் போரின் இடிபாடுகளுக்காக உருவான நிவாரணங்களும் இதே பிள்ளைகளிடம் வந்து சேர்ந்தன. போரால் காசநோய் பரவிய நாடுகளில் ஸ்காண்டிநேவியச் செஞ்சிலுவைச் சங்கங்களும் யுனிசெஃபும் குழந்தைகளுக்கு பி.சி.ஜி. ஊசி போட்டு வந்தன. 1948-ல் அந்த வேலை இந்தியாவுக்கு வந்தபோது தடுப்பூசி மருந்து தயாரிக்கும் கூடம் கிண்டியில் அமைந்தது. மதனப்பள்ளியில் ஊசி போடத் தொடங்கினார்கள். முதலில் கையில் ஒரு சின்னச் சோதனை ஊசி. மூன்று நாள் கழித்து வந்து வீங்கியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பார்கள். வீங்காதவர்களுக்கு அடுத்த ஊசி. வேன் வருகிற தூசி தெரிந்ததும் பின்பக்கமாக ஓடி ஒளிந்தவர்கள் எல்லாப் பள்ளியிலும் உண்டு. 1955-ல் ராஜாஜியே பி.சி.ஜி.யை எதிர்த்துப் பிரசாரம் செய்தபோது அவர்களுக்கு ஒரு பெரிய மனிதர் துணை கிடைத்தார்! சானடோரியம் கண்ணெதிரே இருந்த தாம்பரத்தில் அந்த வாதம் எவ்வளவு எடுபட்டிருக்கும் என்பது யோசிக்கவேண்டிய விஷயம். அம்மை குத்திய பெரிய தழும்பும் பி.சி.ஜி.யின் சின்னத் தழும்பும் தோளில் சுமக்கிறவர்கள் இன்றும் மின்சார ரயிலில் பயணம் செய்கிறார்கள்.

பிறகு கேர். 1945-ல் போரில் பசித்த ஐரோப்பாவுக்கு உணவுப் பொட்டலம் அனுப்ப அமெரிக்காவில் தொடங்கிய அமைப்பு இது. அது முதலில் அனுப்பியவை அமெரிக்க ராணுவம் மிச்சம் வைத்திருந்த ரேஷன் பெட்டிகள். ஜப்பான் மீது படையெடுக்கப் போகிறவர்களுக்கென்று அடுக்கி வைத்தவை. 1961-ல் கேர் தமிழ்நாட்டு மதிய உணவுக்கு வந்தது. பால் பவுடர், மக்காச்சோள மாவு, எண்ணெய். இரண்டு கைகள் குலுக்கும் சின்னம் போட்ட மூட்டையைப் பிரித்து அண்டாவில் பாலைக் கரைப்பார்கள். கரைத்த பாலை விடக் கரைக்காத பவுடருக்குத்தான் கிராக்கி. உள்ளங்கையில் ஒரு குத்து வாங்கி வாயில் போட்டால் மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்; நாக்கால் நிமிண்டி நிமிண்டி அடுத்த பீரியட் முழுக்கத் தின்னலாம். வாத்தியார் கேள்வி கேட்டால் மட்டும் ஆபத்து.

அடுத்தடுத்த போர்கள் புறநகரைத் தொட்ட விதம் லேசானது. சீனப் போருக்குப் பின் 1963-ல் பரங்கிமலையில் ராணுவ அதிகாரிகள் பயிற்சிப் பள்ளி வந்தது. பள்ளிக்கூடங்களில் பாதுகாப்பு நிதிக்கு உண்டியல். 1954-லிருந்து தாம்பரம் விமானதளம் விமானப் பயிற்சியாளர்களைத் தயாரிக்கும் இடமாகிவிட்டதால் தலைக்கு மேல் சத்தம் பழகிப்போயிற்று. வேலிக்கு ஓடுகிற பழக்கம் நின்றது.

2021-ல் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் எல்லாம் ஒரே மாநகராட்சியாகிவிட்டன. இந்தப் பகுதியின் பழைய பள்ளிகளில் எங்காவது பீரோவில் நாற்பதுகளின் சேர்க்கைப் பதிவேடு தப்பியிருந்தால், புதிய கட்டடத்துக்கு மாறும்போது எடைக்குப் போடாமல் ஒருவர் உட்கார்ந்து படிக்கவேண்டும். பிறந்த தேதிக் கட்டத்தை நம்ப வேண்டாம். அந்தக் காலத்து வாத்தியார்கள் பாதி வகுப்பை ஜூன் மாதத்தில் பிறக்க வைத்தவர்கள். பார்க்க வேண்டியது, முன்பு படித்த பள்ளி எது, எப்போது நின்றான், ஏன் நின்றான் என்று எழுதும் கட்டங்களை. 1942-ன் பக்கங்களுக்கும் 1946-ன் பக்கங்களுக்கும் நடுவே அந்தக் கட்டங்களில் என்ன மாறியிருக்கிறது என்று ஒப்பிட்டால், எந்த வீட்டுப் பிள்ளை ரேஷன் வரிசையிலிருந்து வகுப்புக்குத் திரும்பினான், எந்த வீட்டுப் பிள்ளை திரும்பவில்லை என்பது தெரு வாரியாகக் கிடைத்துவிடும்.